மேலே நோ, கீழே நோய்: நிலாவெளிப் படகோட்டி ஒருவரின் கொடுப்புப் பல்

பின்னணி

நோயாளி 46 வயது ஆண். நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகொன்றின் சொந்தக்காரர். சில வருடங்களாகச் சீனி வருத்தம் உண்டு, மெற்போமின் குளிசையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மருந்து ஒவ்வாமை இல்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளிசைகளும் எடுப்பதில்லை.

இடப்பக்கக் கீழ்க் கொடுப்பின் முதலாவது பெரிய பல்லில் பழைய அமல்கம் (வெள்ளி நிற உலோகக் கலவை) அடைப்பு ஒன்று இருந்தது. இரண்டு பக்க விளிம்புகளையும் உள்ளடக்கிய பெரிய அடைப்பு. அதற்கு நேர் மேலே, மேல் கொடுப்பின் முதலாவது பெரிய பல்லில், கண்ணாடியில் பார்த்தாலே தெரியும் கறுத்த சூத்தை. பின்னால் நடந்த குழப்பம் எல்லாவற்றுக்கும் இந்தச் சூத்தைதான் காரணம்.

பெப்ரவரி கடைசியில் குளிர் தண்ணீர் பட்டால் கூச்சம் வந்தது. தண்ணீரை விழுங்கியதும் அது போய்விடும். மார்ச் நடுப்பகுதியில் கூச்சம் குத்தாக மாறியது, தண்ணீர் போன பிறகும் நின்று வலித்தது. பிறகு சூடான தேநீர் குடிக்க முடியவில்லை. இரவில் படுத்தால் இடப்பக்கம் முழுவதும், காது வரை, விண்விண் என்று இடித்தது. பாமசியில் சீட்டு இல்லாமல் அமொக்சிசிலின் 500 மில்லிகிராம் குளிசை வாங்கி ஐந்து நாள் போட்டார், குணமில்லை. கராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து மேல் பல்லில் வைத்தார். அதுவும் உதவவில்லை.

அமொக்சிசிலின் வேலை செய்யாததில் வியப்பு எதுவும் இல்லை. இந்தக் கட்டத்தில் பல்லுக்குள் நடப்பது பெரும்பாலும் அழற்சி. பற்கூழ், அதாவது பல்லின் நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள மென்மையான பகுதி, நாலு பக்கமும் விறைத்த சுவருள்ள அறைக்குள் இருக்கிறது. வீங்க இடமில்லாததால் அமுக்கம் ஏறுகிறது. நுண்ணுயிர்க்கொல்லி அந்த அமுக்கத்தைக் குறைக்காது. கூழ் இறக்கத் தொடங்கிவிட்டால் இரத்த ஓட்டமும் இல்லை, மருந்து அங்கே போய்ச் சேர வழியும் இல்லை.

வந்த நாளில் கண்டது

மார்ச் கடைசி வாரத்தில் மனைவியுடன் திருகோணமலை நகரிலுள்ள பல் கிளினிக்குக்கு வந்தார். கையில் ஐஸ் போட்ட தண்ணீர்ப் போத்தல். பேசும்போது இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மிடறு எடுத்து இடப்பக்கக் கன்னத்தில் வைத்திருந்து விழுங்கினார். சூடு நோவைத் தூண்டி, குளிர் அடக்குமானால், பற்கூழ் திரும்ப முடியாத அழற்சியின் பிந்திய கட்டத்தில் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். எக்ஸ்ரே எடுக்கு முன்பே அந்தப் போத்தல் பாதி நோயறிதலைச் சொல்லிவிட்டது.

அவர் கேட்டது ஒன்றுதான்: "மேல் பல்லைக் கழட்டி விடுங்கோ டொக்டர். சீசன் தொடங்கப் போகுது, எனக்கு நித்திரையே இல்லை."

மேல் பல்லைச் சுற்றிய முரசு வெளுத்துத் தோலுரிந்திருந்தது. கராம்புத் தைலம் சுட்ட புண். நோவு மேலேதான் என்பதில் அவருக்கு எவ்வளவு உறுதி என்பதற்கு அந்தப் புண்ணே சான்று. காய்ச்சல் இல்லை, முகத்தில் வீக்கம் இல்லை, தாடைக்குக் கீழே நெறி கட்டவில்லை, வாய் வழமைபோல் திறந்தது.

எந்தப் பல்?

சோதனைகள் நோவில்லாத வலப்பக்கத்தில் தொடங்கின. இந்த ஆளுக்கு இயல்பான பல் எப்படிப் பதில் சொல்கிறது என்று தெரியாமல், நோயுள்ள பல்லின் பதிலை எடைபோட முடியாது.

குளிர்ச் சோதனைக்குக் குளிர்த் தெளிப்பானைச் சிறு பஞ்சில் அடித்துப் பல்லின் கன்னப்பக்கத்தில் வைத்தார்கள். சூத்தையுள்ள மேல் பல் குளிரை உணர்ந்தது, பஞ்சை எடுத்து இரண்டு மூன்று வினாடியில் கூச்சம் போனது. அதாவது சூத்தை இருந்தும் கூழ் நல்ல நிலையில் இருக்கிறது. கீழே இரண்டாவது சிறு கடைவாய்ப் பல்லும் இரண்டாவது பெரிய பல்லும் இயல்பு. அமல்கம் அடைத்த கீழ்ப் பல்லில் குளிர் வைத்ததும், "ஆ, இப்ப சுகமாயிருக்கு" என்றார்.

பின்னர் சூடு. ஒவ்வொரு பல்லையும் தனித்தனியே ரப்பர் டாமில் (பல் மட்டும் வெளியே தெரியும்படி துளையிட்ட ரப்பர்த் தாள்) பிரித்து, சூடான தண்ணீரைச் சிரிஞ்சால் விட்டார்கள். ரப்பர் டாம் இல்லாமல் விட்டால் தண்ணீர் பக்கத்துப் பல்லுக்கும் ஓடி, சோதனை பயனற்றுப் போகும். மேல் பல்லில் ஒன்றுமில்லை. கீழ்ப் பல்லில் சில வினாடி கழித்து நோ கிளம்பி ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றது. அப்போதும் அவர் விரல் வைத்துக் காட்டியது மேல் கொடுப்பையும் காதையும்தான்.

தட்டிப் பார்த்ததில் கீழ்ப் பல் லேசாக நொந்தது. முரசின் ஆழம் எல்லாப் பக்கமும் 3 மில்லிமீற்றருக்குள். ஒரே இடத்தில் மட்டும் ஒடுங்கிய ஆழமான பை இருந்தால் வேர் வெடிப்பைச் சந்தேகிக்க வேண்டும், இங்கே அப்படி இல்லை. எக்ஸ்ரேயில் அமல்கத்துக்கு அடியில், பின்பக்கத்தில், கூழின் மேல் நுனியை நெருங்கிய புதிய சூத்தை. பின் வேரின் நுனியைச் சுற்றிய கறுத்த கோடு சற்று அகன்றிருந்தது. எலும்பு இழப்பு இல்லை.

இவ்வளவும் பல் வைத்தியருக்குப் போதும், நோயாளிக்குப் போதாது. நோகாத பல்லைத் துளைக்கப் போகிறார்கள் என்றுதான் அவர் நினைத்தார். எனவே ஒரு சோதனை மிஞ்சியிருந்தது. இடப்பக்கக் கீழ்த் தாடை நரம்புக்கு விறைப்பு ஊசி போடப்பட்டது: 2 வீத லிக்னோகெயின், 1:80,000 அட்ரினலினுடன், 2.2 மில்லிலீட்டர் குழாய் ஒன்று. இந்த ஊசி மேல் பற்களைத் தொடாது. பத்து நிமிடத்தில் கீழ் உதடு விறைத்தது, கூடவே "மேல் பல்" நோவும் நின்றது. போத்தலைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அதற்குப் பிறகு மேல் பல்லைக் கழட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை.

மேல், கீழ் இரண்டு கொடுப்புகளின் செய்தியையும் மூளைக்கு எடுத்துப் போவது முக்கிளை நரம்பு. அதன் கிளைகள் மூளைத் தண்டில் ஒரே நரம்புக் கலங்களில் வந்து சேர்வதால், எங்கிருந்து வந்த நோ என்பதை மூளை தவறாக வாசிக்கிறது. ஆனால் பல்லிலிருந்து வரும் இப்படிப்பட்ட நோ முகத்தின் நடுக்கோட்டைத் தாண்டாது, இடப்பக்கப் பல் வலப்பக்கத்தில் நோகாது. ஊசிச் சோதனைக்கும் எல்லை உண்டு. மேலா கீழா என்று பிரிக்க அது நல்லது, அடுத்தடுத்த இரண்டு கீழ்ப் பற்களில் எது என்று பிரிக்க உதவாது.

முடிவுகளும் காரணங்களும்

மூன்று வழிகள் சொல்லப்பட்டன. பல்லைக் கழட்டுவது: அரச வைத்தியசாலையில் காசில்லாமல் செய்யலாம், ஒரே நாளில் முடியும், ஆனால் முக்கியமான மெல்லும் பல் போகும், எதிர்ப் பல் காலப்போக்கில் இறங்கும், பக்கத்துப் பல் சாயும். இரண்டாவது, கூழின் மேற்பகுதியை மட்டும் அகற்றி உயிர்ச் சீமெந்து (உயிருள்ள கூழோடு ஒத்துப்போகும் சீமெந்து) வைத்து மூடுவது. பின் வேர் நுனியில் ஏற்கெனவே மாற்றம் தெரிந்ததாலும், நோவின் கடுமையாலும் அதை இங்கே தெரிவு செய்யவில்லை. மூன்றாவது, முழு வேர்க்குழாய் சிகிச்சையும் (வேருக்குள் ஓடும் குழாய்களிலிருந்து கூழை எடுத்து, சுத்தம் செய்து அடைப்பது) கிரவுணும் (பல்லை மூடும் உறை).

மூன்றாவதைத் தெரிவு செய்யும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: அடைப்பையும் சூத்தையையும் எடுத்த பிறகு கிரவுண் பிடித்துக்கொள்ள முரசுக்கு மேலே நல்ல பல் மிஞ்சுமா? சுற்றிலும் 2 மில்லிமீற்றர் சுவராவது இருந்தால் நல்லது. இங்கே இருந்தது. கடந்த சில மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7.1 வீதம் என்பதால் சீனி தடையாக இல்லை.

கட்டணம் கிரவுணையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லப்பட்டது. வேர்ச் சிகிச்சைக்கு இவ்வளவு என்று மட்டும் சொல்லி, கிரவுண் கணக்கைப் பிறகு எடுத்தால் பலர் கிரவுண் போடாமலே போய்விடுவார்கள்.

மனைவிக்கு ஒரு தயக்கம். "நரம்பெடுத்தா பல் காய்ஞ்சு பொடியாகிப் போகும் எண்டு சொல்லுறாங்களே?" இதற்கு நல்ல பதில் உண்டு. 1989 இல் வெளியான ஓர் ஆய்வில், வேர்க்குழாய் சிகிச்சைக்காகத் துளைப்பது பல்லின் விறைப்பை 5 வீதம் மட்டுமே குறைத்தது, இரு பக்க விளிம்புகளையும் வெட்டும் அடைப்பு 63 வீதம் குறைத்தது. பல்லைப் பலவீனமாக்குவது நரம்பை எடுப்பதல்ல, விளிம்புகள் போவது. இவருடைய பல்லில் அந்த விளிம்புகள் பழைய அமல்கத்தோடேயே போய்விட்டன.

முதல் நாள்: நோவை நிறுத்துதல்

மருந்து எழுதிக்கொடுத்து இன்னொரு நாள் வரச் சொல்லவில்லை. ஊசி ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தது. ஆனால் உதடு விறைத்துவிட்டது என்பதால் பல் விறைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அழற்சியுள்ள கீழ்க் கொடுப்புப் பல்லில் இந்த ஊசி அடிக்கடி போதாமல் போகும். மீண்டும் குளிர் வைத்தபோது பல் மங்கலாக உணர்ந்தது. எனவே 4 வீத ஆர்ட்டிகெயின் ஒரு குழாய் பல்லின் கன்னப்பக்க முரசில் போடப்பட்டது. ஏழு நிமிடம் கழித்துக் குளிர் தெரியவில்லை. அதன் பிறகே துளைக்கத் தொடங்கினார்கள்.

ரப்பர் டாம் போட்டு, அமல்கம் முழுவதையும் சூத்தை முழுவதையும் எடுத்து, கூழறையைத் திறந்தபோது கடுஞ்சிவப்பு இரத்தம் வந்தது. மேற்கூழ் அகற்றப்பட்டு, கிருமி கொல்லும் ஹைப்போகுளோரைட் திரவத்தால் கழுவி, தற்காலிக அடைப்பு 4 மில்லிமீற்றர் தடிப்பில் வைக்கப்பட்டது. அதைவிட மெல்லியதாக வைத்தால் எச்சில் உள்ளே கசியும்.

சிறுநீரகச் சோதனை இயல்பாக இருந்ததால் ஐபுபுரோபன் 400 மில்லிகிராம் சாப்பாட்டுக்குப் பிறகு, பரசிற்றமோலுடன், இரண்டு நாள். நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கவில்லை. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லாதபோது அதற்கு இங்கே வேலை இல்லை.

அன்றிரவு நித்திரை கொண்டார். அடுத்த கிழமை வரவேண்டிய நாளுக்கு முதல் நாள் தொலைபேசியில், "இப்ப நோ ஒண்டுமில்லை, சீசன் முடிய வாறன்" என்றார். நோவு நின்றது சிகிச்சையின் முதல் கால்வாசி மட்டுமே. இப்படியே விட்டால் வேருக்குள் மிஞ்சிய கூழ் சத்தமில்லாமல் இறந்து, நுனியில் சீழ் கட்டும். அப்போது வருவது நோவோடு வீக்கமும் காய்ச்சலும். இதை விளக்கி, காலை முதல் ஆளாக எடுப்பதாகச் சொன்ன பிறகு வந்தார்.

நான்காவது குழாய்

கீழ் முதலாம் பெரிய பல்லில் முன் வேரில் இரண்டு, பின் வேரில் ஒன்று என்று மூன்று குழாய்களைத்தான் பலரும் எதிர்பார்க்கிறார்கள். மூன்றும் தெரிந்தன. ஆனால் பின் குழாயின் வாய் பல்லின் நடுவில் இல்லை, கன்னப்பக்கம் ஒதுங்கியிருந்தது. கூழறையின் தளத்தில் முன்பின்னாக ஒரு நடுக்கோடு வரைந்து பார்த்தால், குழாய் வாய்கள் அந்தக் கோட்டிலிருந்து இரு பக்கமும் சம தூரத்தில் இருக்க வேண்டும். மேல் பெரிய பற்கள் மட்டும் விதிவிலக்கு. ஒரு வாய் ஒரு பக்கம் ஒதுங்கினால் மறுபக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. தளத்தின் கறுத்த வரிகளைப் பின்தொடர்ந்து, நாக்குப் பக்கத்தை மூடியிருந்த டென்டின் (எனாமலுக்கு உள்ளே உள்ள பல்லின் கடினப் படை) விளிம்பைக் கொஞ்சம் சீவியபோது கூர் ஊசி சிக்கியது. நான்காவது குழாய். இந்தப் பல்லில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் இது இருக்கும். தேடாமல் விட்ட குழாய், "வேர்ச் சிகிச்சை செய்தும் நோகுது" என்று சில வருடம் கழித்து வருவோரிடம் அடிக்கடி காணும் காரணங்களில் ஒன்று.

நீளம் மின்கருவியால் அளக்கப்பட்டது: முன் குழாய்கள் 20.5, 20 மில்லிமீற்றர். பின் குழாய்கள் 20, 19.5. அமல்கத்தில் பைல் (குழாயைச் சுரண்டும் ஊசி போன்ற அரம்) தொட்டாலோ கூழறை நீரில் மூழ்கியிருந்தாலோ இந்தக் கருவி பிழையாகக் காட்டும். முதல் நாளே அமல்கத்தை முற்றாக எடுத்தது இங்கே உதவியது. பைல்களை உள்ளே வைத்து, குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி எக்ஸ்ரேக் கருவியின் குழலைச் சற்றுச் சரித்துப் படம் எடுத்து நீளம் உறுதிசெய்யப்பட்டது.

ஊதா நிற 10 ஆம் இலக்கக் கை பைலில் தொடங்கி, வெள்ளை 15 நுனி வரை தளர்வாக ஓடும் வரை கையாலேயே வேலை. பிறகுதான் மோட்டரில் சுழலும் நிக்கல் டைட்டேனியம் பைல், 25 ஆம் இலக்கம் வரை. முன் நாக்குப் பக்கக் குழாயில் 20 மில்லிமீற்றர் போன பைல் 17 இல் நின்றது. அரைத்த டென்டின் தூள் நுனியில் சேறாக அடைத்துக்கொண்டது. இந்த இடத்தில் பலத்தைக் கொடுத்தால் ஒன்று பைல் முறியும், அல்லது சுவரில் படி விழும், பிறகு எந்தப் பைலும் வளைவைத் தாண்டாது. மோட்டர் நிறுத்தப்பட்டது. 8 ஆம் இலக்கப் பைலின் கடைசி 2 மில்லிமீற்றரை வளைத்து, டென்டின் தூளைக் கரைக்கும் ஈடிடிஏ திரவம் விட்டு, கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல இடம் வலமாக மெதுவாக ஆட்டி, இடையிடையே கழுவி, கால் மணி நேரத்தில் நீளம் திரும்பக் கிடைத்தது.

கழுவுதல்தான் உண்மையில் சுத்தம் செய்கிறது; பைல் தொடாத சுவர்ப் பரப்பு நிறைய மிஞ்சும். 3 வீத சோடியம் ஹைப்போகுளோரைட், பக்கத்தில் துளையுள்ள 30 ஆம் கேஜ் ஊசி, நுனிக்கு 2 மில்லிமீற்றர் மேலே, குழாயில் இறுகாமல் மேலும் கீழும் ஆட்டியபடி. ஊசி இறுகிய நிலையில் அமுக்கினால் திரவம் வேர் நுனியைத் தாண்டிப் போய், அந்த நொடியே தாங்க முடியாத நோவும் வீக்கமும் கண்டலும் வரும். கடைசியில் 17 வீத ஈடிடிஏ ஒரு நிமிடம், மீண்டும் ஹைப்போகுளோரைட். குளோர்ஹெக்சிடின் என்ற இன்னொரு கிருமிகொல்லியை ஹைப்போகுளோரைட்டோடு கலக்கக் கூடாது, கபில நிறப் படிவு விழுந்து குழாய்களை அடைக்கும்.

திருகோணமலை வெக்கையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹைப்போகுளோரைட் சூட்டிலும் வெளிச்சத்திலும் வீரியம் இழக்கும். யன்னலோரம் மாதக்கணக்கில் நின்ற போத்தலின் லேபிளில் 3 வீதம் என்று இருக்கும், உள்ளே அவ்வளவு இருக்காது. இருண்ட போத்தலில், குளிர்ந்த இடத்தில், திறந்த திகதி எழுதி வைக்க வேண்டும்.

உயிருள்ள கூழ் என்பதால் அன்றே நிரந்தரமாக அடைத்திருக்கலாம். நான்காவது குழாயும் அடைபட்ட குழாயும் நேரத்தைத் தின்றுவிட்டன, நோயாளியின் தாடையும் களைத்துவிட்டது. குழாய்களுக்குள் இடைக்கால மருந்தாகக் கல்சியம் ஹைட்ரொக்சைட் வைத்து மூடினார்கள். இடையில் சித்திரைப் புதுவருட விடுமுறை வந்ததால் இரண்டு கிழமை தாங்க வேண்டும் என்று, தற்காலிக அடைப்புக்கு மேலே கிளாஸ் அயனோமர் என்ற பல் சீமெந்துப் படை ஒன்றும் போடப்பட்டது.

அடைப்பு

புதுவருடம் கழிந்து வந்தார். நோவில்லை, குழாய்கள் காய்ந்திருந்தன. பின் குழாய்கள் இரண்டும் நுனிக்கு முன் ஒன்று சேர்கின்றனவா என்று பார்க்க, ஒன்றில் கட்டாபெர்ச்சாக் குச்சியை (குழாயை அடைக்கும் ரப்பர் போன்ற பொருள்) வைத்து மற்றதில் பைலை இறக்கினார்கள். குச்சியில் கீறல் விழுந்தது, சேர்கின்றன. எனவே ஒன்று முழு நீளத்துக்கும் மற்றது சேருமிடம் வரைக்கும் அடைக்கப்பட்டது. குழாய் வாய்களுக்கு ஒரு மில்லிமீற்றர் கீழே குச்சிகள் வெட்டப்பட்டு, மேலே கொம்பொசிற் (பல் நிறப் பிசின் அடைப்பு). இரண்டு நாள் கடிக்கும்போது நொந்தது, பரசிற்றமோலில் அடங்கியது.

கிரவுண் பிந்தியதும் உடைவும்

கிரவுணுக்கு மே நடுப்பகுதியில் திகதி கொடுக்கப்பட்டது. கிழக்குக் கரையில் கடல் அமைதியாகி, படகுக்கு ஓய்வில்லாத மாதம். வரவில்லை. ஜூன் கடைசியில் இறைச்சி எலும்பு கடித்தபோது நாக்குப் பக்கச் சுவர் உடைந்து வந்தது. நோவில்லை, உயிருள்ள பல்லாயிருந்தால் உடனே ஓடி வந்திருப்பார். நாக்கு வெட்டுகிறது என்றுதான், நாலு நாள் கழித்து, வந்தார்.

உடைவு முரசுக்கு மேலேயே நின்றிருந்தது. அது எலும்புக்குக் கீழே இறங்கியிருந்தால் பல்லைக் கழட்டுவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. வேர் அடைப்பு திறபடவில்லை, எனவே மீண்டும் வேர்ச் சிகிச்சை தேவைப்படவில்லை. நாக்குப் பக்க முரசைச் சற்று ஒதுக்கி 1.5 மில்லிமீற்றர் பல் வெளிக்கொண்டு வரப்பட்டது. கொம்பொசிற்றால் உட்கரு கட்டி, ஜூலையில் முழு உலோகக் கிரவுண் போடப்பட்டது. மிச்சமுள்ள பல் குறைவு, உலோகத்துக்குச் சீவ வேண்டியதும் குறைவு. பின்னால் இருக்கும் பல் என்பதால் நிறம் அவருக்குப் பொருட்டில்லை.

2002 இல் வெளியான ஓர் ஆய்வு, வேர்ச் சிகிச்சைக்குப் பிறகு கிரவுண் போடாத பற்கள், போட்ட பற்களைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாகக் காட்டியது.

ஓராண்டுக்குப் பின்

அடுத்த ஏப்ரலில் எடுத்த எக்ஸ்ரேயில் பின் வேர் நுனியின் அகன்ற கோடு இயல்புக்குத் திரும்பியிருந்தது. தட்டினால் நோவில்லை, முரசு ஆழம் 3 மில்லிமீற்றருக்குள், அந்தப் பக்கத்தாலேயே மெல்லுகிறார். எல்லாவற்றுக்கும் பழி சுமந்த மேல் பல்லின் சூத்தை, ஒரு சாதாரண அடைப்போடு முடிந்தது. குளிர் வைத்தால் இன்றும் உடனே பதில் சொல்கிறது.

மாற்றிச் செய்யத்தக்கவை

கிரவுண் போடும் வரை பல்லை அப்படியே விட்டது பலவீனமான இடம். இரண்டு விளிம்புகளும் இல்லாத பல்லில், வேர் அடைக்கும் நாளிலேயே முனைகளை 2 மில்லிமீற்றர் அளவு தாழ்த்தி மேலே கொம்பொசிற்றால் மூடியிருந்தால் சுவர் தனியே பிளக்க வாய்ப்பு மிகக் குறைவு. நோயாளி பிந்தி வந்தாலும் பல் காத்திருக்கும்.

திகதிகளைத் தொழிலைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். மார்ச்சில் தொடங்கும் சிகிச்சைக்கு மே மாதக் கிரவுண் என்பது நிலாவெளிப் படகுக்காரருக்குச் சரிவராது. சீசன் தொடங்கு முன் ஏப்ரலிலேயே அளவெடுத்திருக்கலாம். வாகரை, மூதூர் பக்கமிருந்து வயலும் கடலும் பார்த்து வருவோருக்கும் இதே கணக்குத்தான், மாதங்கள் மட்டும் மாறும்.

பெரிய பழைய அடைப்பு உள்ளவருக்குக் கடிவாய் எக்ஸ்ரே (மேல், கீழ்ப் பற்களைக் கடித்த நிலையில் எடுப்பது) ஒன்றை இடைக்கிடை எடுத்திருந்தால், அமல்கத்துக்கு அடியிலிருந்த சூத்தை கூழைத் தொடு முன்பே தெரிந்திருக்கும். இவருடைய மற்றப் பெரிய அடைப்புகள் இரண்டும் இப்போது அப்படிப் பார்க்கப்பட்டுள்ளன. வலப்பக்கக் கீழ்ப் பல்லில் ஓரம் கசிவது தெரிந்து, ஒக்டோபரில், கடல் கொந்தளிக்கும் காலத்தில், மாற்றுவதற்குத் திகதி குறிக்கப்பட்டிருக்கிறது.